மறுகால் வைக்காமல் வாய்க்கால் வைக்கிறவர்களே!

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடியும் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், தண்ணீர். முற்றத்துப் பக்கச் சுவரின் உச்சியில் ஒரு கோடாக ஆரம்பித்து, பாய் விரித்த மாதிரி சுவர் முழுக்க இறங்கி வந்தது. அம்மாவை எழுப்பிக் கட்டிலை நகர்த்துவதற்குள் மெத்தையில் பாதி ஊறிவிட்டது. மகளின் புத்தகப் பை தரையில் இருந்தது. நோட்டுகளை அடுக்களையில் விரித்துக் காயப்போட்டிருக்கிறோம். மை கரைந்து எழுத்தே தெரியவில்லை, பிள்ளை பார்த்துவிட்டு அழுகிறாள்.

இது மூன்றாவது வருஷம். மூன்று தடவை ஆள் கூப்பிட்டேன். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "லீக் இருக்கு அண்ணாச்சி" என்றார்கள். சீலன்ட் பூசினார்கள், தார் ஷீட் ஒட்டினார்கள், காசை வாங்கிக்கொண்டு போனார்கள். இன்று காலையில் நானே ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கூரை நடுவில் வைத்த தகர வாய்க்காலில் ஊசி முனை அளவு ஓட்டைகூடக் கிடையாது. அது ஒழுகவே இல்லை. வழிகிறது. பானை நிறைந்து வழிந்தால் பானையின் அடியில் பூச்சு பூசுவீர்களா?

எங்கள் வீடு அம்பாசமுத்திரம் பக்கம், ரெண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள பழைய வளைவு வீடு. பக்கவாட்டில் தண்ணீர் இறங்க ஒரு சாண் இடம் கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் நடுவில் முற்றம் விட்டார்கள். நாலு பக்கத்து ஓடும் முற்றத்தைப் பார்த்துச் சரியும், நாலு மூலையிலும் ரெண்டு சரிவுத் தண்ணீரும் சேர்ந்து விழுகிற கூடல்வாய். ஐப்பசி மழையில் அந்தக் கூடல்வாய்க்குக் கீழே ஆச்சி அண்டாவை வைப்பாள், கண் மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும். மிச்சம் முற்றத்துத் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகும். எவ்வளவு கொட்டினாலும் நனைவது முற்றம் மட்டும்தான்.

சரி, குரங்குத் தொல்லை, தூசி என்று சொல்லி முற்றத்தை ஷீட் போட்டு மூடினோம். பழைய ஓட்டுச் சரிவும் புது ஷீட் சரிவும் சந்திக்கிற இடத்தில் நீளமாக ஒரு தகரப் பெட்டியை வைத்தார் வெல்டர். இந்தப் பெட்டி வாய்க்காலைத்தான் பாக்ஸ் கட்டர் (box gutter) என்கிறார்கள். கூரை ஓரத்தில் வெளியே தொங்குகிற வாய்க்கால் நிறைந்தால் தண்ணீர் வெளியே விழும், வாசல் நனையும், அவ்வளவுதான். பாக்ஸ் கட்டர் இருப்பது வீட்டின் நடு உச்சியில். அது நிறைந்தால் விழுகிற இடம் நம் தலை. அப்படியென்றால் இதை எவ்வளவு கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும்!

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். என் வீட்டில் அந்தப் பெட்டிக்கு வந்து சேரும் ரெண்டு சரிவும் சேர்த்து 600 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பத்து நிமிஷம் அடித்தாலே போதும், நிமிஷத்துக்கு 93 லிட்டர் வந்து விழும். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தால் நிமிஷத்துக்கு ஆறு குடம், விடாமல். இந்த ஆறு குடத்தையும் வாங்கிக் கீழே அனுப்ப வழி இருக்கிறதா என்று யாராவது ஒருத்தர் கேட்டாரா?

வெல்டரிடம் கேட்டால், "பேய் மழை பெஞ்சா யாரு என்ன செய்ய முடியும் அண்ணாச்சி?" என்கிறார். பேய் மழை எது என்று எங்களுக்குத் தெரியும் தம்பி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அது பேய் மழை. நேற்று பெய்தது அரை மணி நேர இடிமழை. ஐப்பசி கார்த்திகையில் வருஷா வருஷம் வருவது. ஆடிச் சாரலில் இந்தப் பெட்டி ஒரு சொட்டுக்கூட விடாது. சாரல் நாள் பூராவும் பெய்தாலும் பூப்போல விழும், எந்தத் தகரமும் தாங்கும். அதைப் பார்த்து ஏமாந்துதான் முதல் வருஷம் மீதிப் பணத்தையும் கொடுத்தேன்.

இன்று மேலே ஏறியதும் முதலில் ஒரு செம்பு தண்ணீரை நடுவில் ஊற்றினேன். கீழே இறங்கும் குழாய் தெருப் பக்கத்து முனையில் இருக்கிறது. தண்ணீர் அந்தப் பக்கம் போகவே இல்லை. கொஞ்சம் தயங்கி, நடுவிலேயே குழம்பு மாதிரி தேங்கி நின்றது. வாட்டமே கிடையாது! நூறு அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் பார்த்தால் 30 அடி நீளத்துக்கு மூன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் வாட்டம் இருந்திருக்க வேண்டும். குளியலறைத் தரை போடும்போது ரசமட்டம் வைத்து வைத்துப் பார்க்கிற ஊரில், கூரை வாய்க்காலுக்குப் பார்க்க மாட்டார்களா? இதில் பெட்டியைத் தாங்குகிற இரும்பு ஆங்கிளையும் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார் வெல்டர். ஈரச் சருகின் பாரத்தில் தகரம் நடுவில் தொய்ந்து, அங்கே துரு பிடித்துச் செதில் செதிலாக உரிகிறது.

அப்புறம் முனைக்குப் போனேன். மூன்று அங்குலக் குழாய், அதன் வாயில் குப்பையைத் தடுக்கத் தட்டையான கம்பி ஜாலி. ஜாலி மேல் வேப்பிலை, காம்பு, அணில் கூட்டுத் தேங்காய் நார் எல்லாம் மக்கி, அடை மாதிரி அப்பியிருந்தது. விரலை விட்டுக் கிளப்பினேன், அப்படியே வட்டமாகக் கையோடு வந்தது. தட்டை ஜாலியை மூட ஒரு கைப்பிடி இலை போதும். அதையே கிண்ணம் கவிழ்த்த மாதிரி மேலே எழும்பிய கூடையாக வைத்திருந்தால், அடியில் இலை அடைத்தாலும் மேல் கம்பிகள் வழியாகத் தண்ணீர் இறங்கும். குழாயும் நாலு அங்குலமாக இருந்திருந்தால் வாயின் பரப்பு முக்கால் பங்குக்கும் மேல் கூடும். இன்னொன்று, தண்ணீர் ஓரங்குல உயரத்துக்கு நின்றால் குழாய் நிறைந்து ஓடாது, வாயின் விளிம்பைச் சுற்றி மட்டும்தான் வழிந்து இறங்கும். அதற்குத்தான் முனையில் ஒரு குழிப் பெட்டி வைத்து அதன் அடியில் குழாயைச் சேர்ப்பது. தண்ணீர் ஆழமாக நிற்கும், அழுத்தத்தோடு இறங்கும். இதையெல்லாம் காசு கொடுத்த நான் ஏணி மேல் நின்று கற்றுக்கொள்கிறேன், காசு வாங்கினவருக்குத் தெரியாதா?

எனக்கு வயிறு எரிவது இதற்கெல்லாம் மேலே வேறொன்றில். குழாய் என்றைக்காவது அடைக்கும். இலை விழும், பந்து விழும், கீழே மழைநீர் சேகரிப்புத் தொட்டி மண் மூடித் தண்ணீர் எதிர்த்து நிற்கும். அடைத்தால் அடுத்த வழி என்ன? நம் சீமையில் எந்தக் குளத்தை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், தண்ணீர் திறந்துவிடுகிற மடை ஒரு பக்கம் இருக்கும், மிஞ்சியது வழிந்து போகிற மறுகால் ஒரு பக்கம் இருக்கும். மடை அடைபட்டாலும், மழை மிஞ்சினாலும், கரையைத் தொடுமுன்னே தண்ணீர் மறுகால் வழியாகப் போய்விடும். மறுகால் இல்லாத குளம் கரையை உடைக்கும் என்று இங்கே ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊருக்கே பேர் வைத்த மண் இது! இங்கே பிறந்து, இந்தக் குளங்களில் குளித்து வளர்ந்தவர்கள் என் தலைக்கு மேல் ஒரு குளத்தைக் கட்டி, மறுகால் வைக்காமல் போயிருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு துளை. பெட்டியின் முனைத் தகரத்தில், குழாய் இருக்கும் பக்கம், ஷீட் விளிம்புக்கு ரெண்டு விரற்கடை கீழே ஓர் அகலமான வாய். குழாய் அடைத்தால் தண்ணீர் தெருவில் விழும். விழுவதைப் பார்த்ததும் அடைத்துவிட்டது என்று தெரிந்து ஏறிச் சுத்தம் செய்யலாம். வெல்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "முன்னாடி எலிவேஷன்ல டைல்ஸ் ஒட்டியிருக்கு அண்ணாச்சி, அங்க ஓட்டை போட்டா பார்க்க நல்லாவா இருக்கும்?" என்று கேட்கிறார். அம்மாவின் மெத்தை மாடியில் காய்கிறது தம்பி, அது மட்டும் பார்க்க நல்லாவா இருக்கு?

பெட்டியில் இருந்த சருகை ரெண்டு சாக்கு அள்ளிவிட்டேன். கொத்தனார் சாயங்காலம் கட்டிங் மிஷினோடு வருகிறார். டைல்ஸ் உடைந்தால் உடையட்டும். மேற்கே மலைப் பக்கம் இப்போதே கருக்க ஆரம்பித்துவிட்டது.