துண்டைக் கட்டியவர் வல்லமையைக் கழற்றி வைக்கவில்லை

"சீடர்களின் கால்களைக் கழுவியபோது இயேசு தெய்வ வல்லமையை ஓரமாக வைத்துவிட்டு வெறும் மனிதராகத்தான் இருந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்லும் யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. 3ஆம் வசனத்தைப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்படைத்திருக்கிறார் என்று தெரிந்தேதான் அவர் பந்தியை விட்டு எழுகிறார். மேலாடையைக் கழற்றுகிறார், துண்டை இடுப்பில் கட்டுகிறார், பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார். எல்லாம் ஒப்படைக்கப்பட்ட அந்தக் கைதான் கால் புழுதியைத் தேய்த்துக் கழுவுகிறது. அவரைக் காட்டிக்கொடுக்கப்போகும் யூதாஸின் காலும் அதில் உண்டு. அவன் எழுந்து வெளியே போவது 30ஆம் வசனத்தில்தான். என் காலை நீர் கழுவக்கூடாது என்று சீடர் பேதுரு பதறியதும் நியாயம்தான், ஆண்டவரே குனிந்தால் யாருக்குத்தான் கூச்சம் வராது?

நீங்கள் ஆதாரமாகக் காட்டும் பிலிப்பியர் 2:7 (பவுல் எழுதிய கடிதம்) "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்கிறது, சரி. அது எப்படி என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது: அடிமையின் ரூபமெடுத்து. அங்கே பேச்சு எடுத்துக்கொண்டதைப் பற்றி. தெய்வத்தன்மையை விட்டுவிட்டார் என்று ஒரு சொல்லும் இல்லை. கி.பி. 451இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய கல்கெதோன் சங்கமும் அவரை முழுமையான கடவுள், முழுமையான மனிதர் என்றே அறிக்கையிட்டது.

அப்புறம், கழுவி முடித்து உட்கார்ந்ததும் அவர் சொன்னதையும் படியுங்கள். என்னைப் போதகர், ஆண்டவர் என்கிறீர்கள், அது சரியே, நான் அவர்தான் என்கிறார்.