அண்ணன் விட்டுப்போன எஸ்டேட்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அஞ்சலை அக்காவின் ஒட்டுக்கடை. காலை பத்து மணி, வடைச் சட்டி இறங்கிவிட்டது. நான் பக்கத்து மேசையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள், அக்காவின் குரலுக்கு அந்த அவசியமே இல்லை. எதிரே மாணிக்கம் கிராணியார். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டு இருபது வருடம் ஆகியும் சட்டைப் பையில் மூன்று பேனா.

அஞ்சலை: கிராணியாரே, பசியாறியாச்சா? இந்தாங்க இரண்டு வடை, காசு வேண்டாம். இன்றைக்கு நான் எஸ்டேட் முதலாளி.

மாணிக்கம்: எந்த எஸ்டேட்டுக்கு?

அஞ்சலை: ஈப்போ வக்கீல் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. செத்துப்போன எங்கள் அண்ணன், கல்யாணம் கட்டாமல் ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றிய மனிதர், கமுக்கமாகத் தோட்டம் வாங்கிப் போட்டிருக்கிறார் பாருங்கள்! ஒரே குறை, தோட்டத்துக்கு நோயாம். ‘எஸ்டேட் ஆஃப் முனியாண்டி, டிசீஸ்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். செம்பனையின் அடித்தண்டை அரிக்குமே கனோடெர்மா, அதுவாகத்தான் இருக்கும்.

மாணிக்கம்: (கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு) நோய் தோட்டத்துக்கு இல்லை, அஞ்சலை. டிசீஸ்ட் என்றால் காலமானவர். உன் அண்ணனைச் சொல்கிறார்கள்.

அஞ்சலை: அது எனக்குத் தெரியாதா, கருமாதி வைத்ததே நான்தானே. தோட்டம் எங்கே?

மாணிக்கம்: தோட்டமே இல்லை. இந்தக் கடிதத்தில் எஸ்டேட் என்றால் செத்தவர் விட்டுப்போன சொத்து மொத்தமும். மலாயில் ஹர்த்தா புசாகா என்பார்களே, அது.

அஞ்சலை: நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவளுக்கு எஸ்டேட் தெரியாதா? லயம், பெரட்டு, தண்டல், துரை, துரை வீட்டு நாய்... அதுதான் எஸ்டேட்.

மாணிக்கம்: அது நம் ஊர் எஸ்டேட். லத்தீனில் ஸ்டேட்டஸ் என்று ஒரு சொல், ‘நிலை’ என்று பொருள். அது பிரெஞ்சுக்காரன் வாயில் புகுந்து, அங்கிருந்து வெள்ளைக்காரனிடம் வந்து எஸ்டேட் ஆனது. ஸ்டேட், ஸ்டேட்டஸ், எஸ்டேட் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்தனுடைய நிலை அவன் வைத்திருக்கிற நிலத்தில்தானே தெரியும், அதனால் நிலத்துக்கும் சொத்துக்கும் அதே பெயர். இங்கிலாந்தில் பின்பக்கம் நீட்டிச் சாமான் ஏற்றுகிற காரைக்கூட எஸ்டேட் என்பார்கள்.

அஞ்சலை: காரா? சரி, கார் என்றாலும் பரவாயில்லை.

மாணிக்கம்: உனக்கு அந்தச் சைக்கிள்தான். வரிசையாக வீடு கட்டினால் அது ஹவுசிங் எஸ்டேட், நாம் தாமான் என்கிறோம்.

அஞ்சலை: தாமான் என்றாலும் மலாயில் தோட்டம்தானே?

மாணிக்கம்: பூந்தோட்டம்.

அஞ்சலை: அடப்பாவி! தோட்டத்தை வெட்டித் தள்ளி வீடு கட்டிவிட்டு, அதற்கும் தோட்டம் என்றே பெயர் வைத்தானா? அப்படியென்றால் தோட்டம் அங்கேயேதான் இருக்கிறது, வெளியே வந்தது நாம் மட்டும்தான்.

மாணிக்கம்: இன்னொன்று கேள். பத்திரிகைக்காரர்களுக்கு நாலாவது எஸ்டேட் என்று பெயர். பழைய பிரான்சில் பாதிரிமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது, மிச்சம் இருக்கிற சனம் எல்லாம் மூன்றாவது.

அஞ்சலை: நம் தோட்டத்து மூன்றாம் டிவிஷன் மாதிரி. தண்ணீர்க் குழாய் கடைசியில்தான் வரும்.

மாணிக்கம்: அவர்கள் 1789இல் புரட்சியே பண்ணிவிட்டார்கள்.

அஞ்சலை: நாம் மனு எழுதினோம். அதுவும் நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள்.

(கிராணியார் அவசரமாக வடையைக் கடித்தார்.)

அஞ்சலை: சரி, கீழே ‘ஸ்மால் எஸ்டேட்’ என்று போட்டிருக்கிறதே, என் பேத்தி படித்துக் காட்டினாள். சின்னதாகவாவது ஒரு தோட்டம்...

மாணிக்கம்: நூறு ஏக்கருக்குக் குறைந்தால் இந்த நாட்டுக் கணக்கில் அது எஸ்டேட்டே இல்லை, சிறுதோட்டம். கடிதத்தில் இருக்கிற ஸ்மால் எஸ்டேட் வேறு, அது 1955ஆம் ஆண்டுச் சட்டத்துச் சொல். வீடோ நிலமோ உள்ள சின்னச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே பிரித்துக்கொள்ளலாம். கோலகங்சார் நில அலுவலகத்தில் போரங் ஏ என்கிற பாரத்தை நிரப்பிக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

அஞ்சலை: கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரம் ஒன்று இன்னும் நிற்கிறதே. அந்த ஒரு மரத்தையாவது என் பேருக்கு...

மாணிக்கம்: அதை உன் அண்ணன் நடவில்லை! இங்கே பார், பட்டியல் இருக்கிறது. தாமானில் ஒரு மலிவு வீடு. வங்கிப் புத்தகம். அப்புறம்... அட, நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துப் பங்கு!

அஞ்சலை: நம் ஊர் மந்திரி சம்பந்தன் ஆரம்பித்தாரே, அதுவா?

மாணிக்கம்: அதேதான், 1960இல். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பிய காலம். பால் வெட்டுகிற ஆட்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். உன் அப்பா கட்டியதாக இருக்கும், அண்ணன் பேருக்கு மாறியிருக்கிறது.

அஞ்சலை: அப்படியென்றால் அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு மூலை உண்டு?

மாணிக்கம்: மூலை கிடையாது, பங்கு உண்டு. சரியாகச் சொன்னால், உன் அண்ணனுடைய எஸ்டேட்டுக்குள் எஸ்டேட்டும் ஒரு சொட்டு இருக்கிறது.

அஞ்சலை: அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்! இத்தனை லத்தீன் எதற்கு?

மாணிக்கம்: (தொண்டையைக் கனைத்துக்கொண்டு) ஒரு விஷயம். கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிட்டு மீதியைத்தான் பிரிப்பார்கள். போன தீபாவளிக்கு உன் அண்ணன் என்னிடம் முந்நூறு வெள்ளி கைமாற்று வாங்கியிருந்தார்...

அஞ்சலை: (கல்லாவிலிருந்து கடன் கணக்கு எழுதும் 555 நோட்டை எடுத்து) மாணிக்கம் கிராணியார். நாசி லெமாக், தே, வடை. மூன்று மாதம். முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது சென். உங்கள் எஸ்டேட்டில் பிடித்துக்கொள்ளட்டுமா?

மாணிக்கம்: நான் இன்னும் டிசீஸ்ட் ஆகவில்லையே, அஞ்சலை!

அஞ்சலை: அதனால்தான் இப்போதே கேட்கிறேன். அந்த இரண்டு வடையையும் சேர்த்து எழுதிவிட்டேன்.