ஜெர்மனியில் இங்கிலீஷ் போதுமாம், யாருக்கு?

கோபி, ஈரோடு பக்கம் ஜெர்மனி மாப்பிள்ளைக்கு இப்போது தனி மவுசு. பெண் வீட்டார் கொஞ்சம் தயங்கினால் போதும், "அங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமுங்க, ஒண்ணும் சிரமமில்லீங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் அடித்துச் சொல்வார்கள். உண்மைதான், மாப்பிள்ளைக்குச் சிரமமில்லை.

அவர் ப்ளூ கார்டில், அதாவது பட்டம் படித்த வெளிநாட்டுக்காரர்களுக்குத் தரும் வேலை அனுமதியில் போகிறார். அதற்கு ஜெர்மன் தேவையில்லை. ஆபீஸில் எல்லாம் இங்கிலீஷ். ப்ளூ கார்டுக்காரரின் மனைவிக்கும் விசாவுக்காக மொழிப் பரீட்சை கிடையாது. நல்ல சலுகை. அந்தச் சலுகையில்தான் எம்.எஸ்சி., பி.எட். முடித்த நம் பெண்கள் ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல் விமானம் ஏறுகிறார்கள்.

என் சித்தப்பா மகள் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறாள். அந்த ஊரில் எல்லாமே தபாலில்தான் வருமாம். பிரித்ததும் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்துவிடுவாள். வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும் என்பதுகூட அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். கடிதத்தைப் போன் பார்த்துக்கொள்ளும். காது வலியில் பிள்ளை கத்தும்போது டாக்டரின் ரிசப்ஷனில் படபடவென்று பேசுகிறார்களே, அதற்கு என்ன செய்வாள்? வீட்டுக்காரருக்குப் போன் அடிப்பாள். அவர் மீட்டிங்கில் இருப்பார். அரசு அலுவலகத்துக்குப் போனாலும் இதே கதை. அலுவல் மொழி ஜெர்மன் என்று சட்டமே இருப்பதால் இங்கிலீஷ் தெரிந்த அதிகாரியும் ஜெர்மனில்தான் பேசுவார். குறை சொல்ல முடியாது, அது அவர்கள் ஊர்.

வேலைக்கும் வழியில்லை. பள்ளியில் பாடம் எடுக்க நல்ல ஜெர்மன் வேண்டும். ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிக்கொண்டே போகும் மொழித் தேர்வு நிலைகளில் நர்ஸ் வேலைக்கே பி2 வரை கேட்கிறார்கள். ஆக, இங்கே கெமிஸ்ட்ரி எடுத்தவள் அங்கே தனியாக ஒரு போன் பேச யோசிக்கிறாள். வீட்டுக்காரருக்கோ ஜெர்மன் படிக்க அவசரமே இல்லை. ப்ளூ கார்டில் நிரந்தர வசிப்புரிமைக்கு பி1 இருந்தால் 21 மாதம், வெறும் ஏ1 என்றால் 27 மாதம். ஆறு மாதம் கூடக் காத்திருந்தால் போகிறது என்று விட்டுவிடுகிறார்.

திருப்பூரில் நாம் தினமும் பார்ப்பதுதான் இது. கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசா பையன்கள் வருடக்கணக்கில் இந்தியிலேயே ஓட்டிவிடுவார்கள். சூப்பர்வைசர் இந்தி பேசுவார், மெஸ்ஸில் அவர்கள் ஊர்ச் சாப்பாடு. லைன் வீடு எடுத்துக் குடும்பத்தோடு தங்குகிறவர்கள் கதை வேறு. தண்ணீர் பிடிக்க, மளிகைக் கடையில் கணக்குச் சொல்ல, வீட்டுக்காரம்மாவிடம் கரண்ட் பில்லுக்கு மல்லுக்கட்ட என்று அந்தப் பெண்கள் தமிழை மடமடவென்று பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் செக்கிங் செக்‌ஷனில் பீகார் அக்கா ஒருவர் "ஏனுங்க, அந்தப் பீஸ் டேமேஜுங்க" என்பார், சுத்தக் கொங்குத் தமிழில். அவருக்காக இந்தி பேச யாரும் இருக்கவில்லை, அதனால் பேசினார். ஜெர்மனியில் நம் என்ஜினியர்தான் ஹாஸ்டல் பையன். கழுத்தில் ஐடி கார்டு தொங்குவதால் அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

"ஊரு விட்டு ஊரு வந்தா தமிழ் கத்துக்க வேண்டாமா?" என்று இந்திக்காரர்களைக் கேட்கிறவர்களே மகனுக்கு ஜெர்மன் எதற்கு என்கிறார்கள். அதை விடுங்கள். விசா வருவதற்குள் கோவையிலேயே ஏ1 முடித்துவிடலாம். போன பிறகு, குடியேறி வந்தவர்களுக்கு மொழியும் ஊர் நடைமுறையும் சொல்லித்தர அங்கே நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் 600 பாடவேளை. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அங்கேதான் வரும். அதனால் ஜெர்மனி சம்பந்தம் பேச உட்காருகிறவர்கள் பவுன் கணக்கோடு இதையும் பேசிவிடுங்கள்: பெண்ணின் வகுப்புக்கு யார் பணம் கட்டுவது, அவள் வகுப்புக்குப் போகும் நேரத்தில் யார் வீட்டில் இருப்பது?