பந்தின் அளவையும் பாருங்கள்

பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலை ஆறாம் வகுப்பிலேயே உடற்கல்வி பாடவேளையில் சேர்க்கலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் பந்தின் அளவு பற்றி ஒரு வரிகூட இல்லையே! நான் வேலை பார்த்த பள்ளியில் முதலில் வாங்கித் தந்தது ஆண்கள் ஆடும் மூன்றாம் எண் பந்து, சுற்றளவு 58 செ.மீ.க்குக் குறையாது. சின்னக் கைக்குள் அது எங்கே அடங்கும்? பிள்ளைகள் பலாப்பழம் மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் 50 செ.மீ. சுற்றளவுள்ள ஒன்றாம் எண் பந்து வந்தது. ஒரே வாரத்தில் ஒற்றைக் கையால் எறியத் தொடங்கிவிட்டார்கள்.

40க்கு 20 மீட்டர் ஆடுகளம் இல்லையென்று தயங்க வேண்டாம். கூடைப்பந்துத் தளம், பக்கத்துக்கு ஐந்து பேர், சுவரில் சுண்ணாம்பால் வரைந்த கோல், தொடங்க இது போதும். பந்தைக் கையில் பிடித்தபடி மூன்று தப்படிக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் சிரமம். வெளியே நிற்கும் பிள்ளைகள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்தி எண்ணுவார்கள், விசிலுக்கே வேலையில்லை.

பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது உயரமான பையன்களை மட்டும் பொறுக்கி அணி சேர்ப்பது இன்னும் நடக்கிறது. எங்கள் அணியில் அதிகம் கோல் போட்டவள் வரிசையில் முதலில் நிற்கும் குட்டைப் பெண்தான்.