இரண்டாம் சுற்றிலும் உறுப்பினர் வாக்கு உண்டு

ஜப்பானின் ஆளுங்கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சி 2024 செப்டம்பரில் நடத்திய தலைவர் தேர்தலில், இரண்டாம் சுற்றில் எம்.பி.க்கள் மட்டுமே வாக்களித்ததாக மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. முதல் சுற்றில் எம்.பி.க்களுக்கு 368, கட்சி உறுப்பினர்களுக்கும் 368 வாக்குகள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றில் உறுப்பினர் பங்கு 47 ஆகச் சுருங்குகிறது; மாகாணத்துக்கு ஒன்று, அங்கே முதல் சுற்றில் இருவரில் முந்தியவருக்குப் போகும். (இவ்வளவு குறைவாக இருக்கலாமா என்று கேட்டால் நியாயம்தான், அது வேறு விவாதம்.)

அன்றைய முடிவுச் செய்தி எதையாவது எடுத்து, எம்.பி. வாக்கையும் மாகாண வாக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் மோதிய இருவரில், வென்ற இஷிபாவுக்கு எம்.பி. வாக்கு 189, மாகாண வாக்கு 26, மொத்தம் 215. தோற்ற தகாய்ச்சிக்கு 173, 21, மொத்தம் 194. மாகாண வாக்கே இல்லையென்றால் இஷிபாவுக்கு 215 எங்கிருந்து வரும்?