அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளில் இல்லாத ஒரு வரி

போன வருஷம் ஆடி மாதம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "ஆறு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்மா, ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும்" என்றார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாள் ராத்திரி குளிர்காய்ச்சல். கட்டில் ஆடும் அளவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. சிறுநீருக்காகப் போட்ட ட்யூபை இரண்டாம் நாளே எடுத்திருக்கலாம், எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. அதன் வழியே ஏறிய கிருமி ரத்தம் வரை போய்விட்டது. ஐ.சி.யூ., எட்டு மணி நேரத்துக்கு ஒரு மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் என்று ஆறு நாள் இருபத்து மூன்று நாளாக நீண்டது. பில் ஐந்து லட்சத்து எண்பத்தைந்தாயிரம். வார்டில் அப்பாவின் கால்மாட்டில் கை சுத்தம் செய்யும் திரவப் புட்டி ஒன்று மாட்டியிருந்தது. நான் அழுத்திய நாளெல்லாம் அதிலிருந்து காற்றுதான் வந்தது.

நான் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள். அந்த ஃபைலை என்னால் சும்மா மூடி வைக்க முடியவில்லை. இந்த மூன்றே முக்கால் லட்சம் யார் கணக்கில் எப்படி ஏறியிருக்கும் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வளையல் மேல் வாங்கிய நகைக்கடன், தம்பி எடுத்த சம்பளமில்லா விடுப்பு. ஆஸ்பத்திரிப் புத்தகத்திலோ அது முழுக்க வரவு. அறை வாடகை வரவு, மருந்து வரவு, லேப் வரவு. யாரும் வேண்டுமென்று கிருமியைக் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே இரவெல்லாம் கண்விழித்த நர்ஸ் பெண்களை நான் மறக்க மாட்டேன். ஆனால் நஷ்டம் ஒரு வீட்டிலும் வரவு இன்னொரு இடத்திலும் விழுந்தால், அந்த நஷ்டத்தை எண்ணிப் பார்க்க யாருக்கு அவசரம் வரும்?

எண்ணிப் பார்த்த நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் 1990களில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் ஏறத்தாழ 4,000 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். உள்ளே வந்து தொற்று வாங்கியவர்களுக்கான செலவு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, படுக்கையில் கிடந்த நாட்கள் இரண்டரை மடங்கு. வீட்டுக்குப் போன பிறகு அவர்களும் பார்த்துக்கொண்டவர்களும் சுமந்ததையும் சேர்த்தே கேட்டு எழுதினார்கள். நாடு முழுக்க வருஷத்துக்கு 100 கோடி பவுண்ட் அளவுக்கு வரும் என்று கணக்கு வந்தது. அங்கே பணம் கட்டுவது அரசு. அதனால் அரசுக்கு வலித்தது.

இந்தக் கணக்கு சுலபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொற்று வந்ததால் ஒருவர் அதிக நாள் கிடந்தாரா, அதிக நாள் கிடந்ததால் தொற்று வந்ததா? மழையில் நெடுநேரம் நின்றவன்தானே அதிகம் நனைவான்! இரண்டையும் பிரிக்காமல் சராசரி போட்டால் செலவு ஊதிப்போய்த் தெரியும். ஆஸ்திரேலியாவில் நிக்கோலஸ் கிரேவ்ஸ் போன்ற சுகாதாரப் பொருளாதார அறிஞர்கள் இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். தொற்று குறைந்தால் மறுநாளே ஆஸ்பத்திரியின் கரண்ட் பில்லோ நர்ஸ் சம்பளமோ குறைந்துவிடாது. மிச்சமாவது கட்டில். அந்தக் கட்டிலில் அடுத்து யாரைப் படுக்க வைக்க முடிந்தது என்பதுதான் அதன் மதிப்பு.

இதைப் படித்தபோது எனக்கு நம் அரசு ஆஸ்பத்திரிகள்தான் கண்ணில் வந்தன. அங்கே பில் கிடையாது, அதனால் தொற்றுக்குச் செலவே இல்லாத மாதிரி தோன்றும். ஆனால் ஒருவர் பத்து நாள் கூடுதலாகக் கிடந்தால், வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருப்பவர் இன்னும் பத்து நாள் காத்திருக்கிறார். அவருடைய கூலி போகிறது. இந்த நஷ்டத்தை எழுத எந்த நோட்டிலும் பத்தி இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட அறிக்கைப்படி, பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் உள்ளே தொற்று வருகிறது. இந்தியாவில் 2021-22 கணக்குப்படி மொத்த மருத்துவச் செலவில் 39 சதவீதம் மக்கள் கைக்காசு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், என் கோபம் புரியும்.

தடுக்க முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐ.சி.யூ.க்களில் ரத்தக்குழாய் ட்யூப் போடும்போது ஐந்தே விஷயங்களைக் கட்டாயமாக்கினார்கள். கை கழுவுவது, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, உடம்பு முழுக்க மூடும் கிருமி நீக்கிய துணி, முடிந்தவரை தொடையில் ட்யூப் போடாமலிருப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. மூன்று மாதத்தில் பாதிக்குக் குறையாத இடங்களில் அந்தத் தொற்று பூஜ்யமானது. 2006ல் வெளிவந்த ஆய்வு அது. ஐந்தாவது விஷயத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

சரி, பணத்தை நிறுத்தினால் ஆஸ்பத்திரிகள் திருந்திவிடுமா? 2008 அக்டோபர் முதல் முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், உள்ளே வாங்கிய சிறுநீர் ட்யூப் தொற்றுக்குக் கூடுதல் பணம் தர மாட்டோம் என்றது. ஆனால் அதனால் மட்டும் தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2012ல் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே அபராதம் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் தொற்றை எண்ணுவதற்கென்றே ஒரு நர்ஸ் முழுநேரமாக வேண்டும் என்பது என் கருத்து. அவருடைய சம்பளத்தையும் அவர் காப்பாற்றும் கட்டில் நாட்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

அப்பா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறார். அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று பக்கம். எலும்பு முறிவு இருக்கிறது, போட்ட பிளேட் இருக்கிறது, "நலமுடன் வீடு திரும்பினார்" என்று இருக்கிறது. தொற்று வந்ததாக ஒரு வரி இல்லை. மருந்துக்கடை ரசீதில் மட்டும் மெரோபெனம் மெரோபெனம் என்று ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. இங்கே சேர்ந்த பிறகு தொற்று வந்ததா, அதனால் எத்தனை நாள் கூடியது என்று ஒரே ஒரு வரி எல்லா டிஸ்சார்ஜ் தாளிலும் கட்டாயமாக வேண்டும். இதைக் கேட்டு சுகாதாரத் துறைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு ஃபைலையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கையெழுத்துப் போட விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்.