உறுதியில் எழுதிய கிணற்றுப் பங்கு

போன கிழமை ஒரு காணி அலுவலாக ஐயாவின் பழைய உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுத்து வாசித்தேன். பரப்பு, எல்லைகள் எல்லாம் எழுதி முடிந்தபிறகு கடைசியில் ஒரு வரி: கிணற்றில் நாலிலொரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். சின்ன வயதில் அந்தப் பங்கை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் முறை வரும் நாளில் விடியப்புறமே இறைப்பு மிஷின் சத்தம் கேட்கும். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டே ஐயா அடிக்கடி கிணற்றை எட்டிப் பார்ப்பார். கிணற்றின் அடியில் கல் தெரிந்தால் மிஷினை நிறுத்திவிடுவார். அப்புறம் ஊறும்வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த முறைகாரருக்கும் தண்ணீர் வேண்டும்.

இப்போது அதே காணியைச் சுற்றி ஒவ்வொரு வளவிலும் குழாய்க்கிணறு. “என்ர காணி, என்ர தண்ணி” என்ற பேச்சு. அதைத்தான் நான் மறுக்கிறேன். காணி உங்களுடையது, சரி. கீழே இருக்கும் தண்ணீர் அப்படி வேலி போட்டு நிற்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக்கு மாரியில் மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பது, குளிப்பது, புகையிலைக்கும் மிளகாய்க்கும் இறைப்பது எல்லாமே ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை. அது செம்மண்ணில் இறங்கி, அடியிலிருக்கும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் போய்த் தங்குகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அந்தக் கல்தான், தண்ணீரில் கரைந்து வந்தது.

அந்த நன்னீருக்குக் கீழே கடல்நீர் இருக்கிறது. உப்புநீர் பாரம் கூடியது, அதனால் நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதையே திருப்பி யோசித்துப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்தால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். நிலாவரைக் கிணற்றில் மேல்தண்ணீர் நன்னீர், ஆழத்தில் உப்பு. சின்னப்பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய் இராமர் அம்பு விட்ட கதையைச் சொல்கிறோம். இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரைப்பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டில், வாளியால் அள்ளிய காலத்தில் தேத்தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. பெரிய மோட்டார் பூட்டிய இரண்டு மூன்று கோடைக்குள் சவர்க்கத் தொடங்கிவிட்டது. இப்போது குடிக்கிற தண்ணீரைக் கானில் வாங்குகிறார்கள். தீவுப்பகுதிச் சனம் எத்தனையோ காலமாகப் தண்ணீர் பவுசர் வரும்வரை குடத்தோடு காத்து நிற்கிறது. அந்த நிலை குடாநாட்டின் வலிகாமப் பகுதிக்கு வராது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

உப்பு மட்டும் இல்லை. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியில் இறங்குவதும் அதே வெடிப்புகளுக்குள்தான் போகின்றன. இங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைத் தாண்டியிருக்கிறது. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த செய்தி 2014, 2015 காலத்தில் ஊரையே உலுக்கியது. எண்ணெயை நிலத்தில் விட்ட இடம் ஒன்று. மணத்தை முகர்ந்தவர்கள் எத்தனை வீட்டுக்காரர்!

பழைய பங்குமுறையிலும் பெரிய அநியாயம் இருந்தது. உறுதியில் பங்கு எழுதப்பட்டவர்கள் காணிக்காரர் மட்டும்தான். அதே தோட்டத்தில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவர்களைச் சாதியின் பெயரால் கிணற்றுக்கட்டில் ஏறவிடவில்லை, கையேந்தித்தான் குடிக்க வைத்தார்கள். ஆகவே பழையபடி திரும்புவோம் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பங்கு எல்லோருக்கும் இருக்கட்டும் என்கிறேன்.

கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று சொல்லும்போது அந்த ‘வில்’ என்ன என்று யோசித்திருக்கிறீர்களா? நீர் தேங்கும் இடம். ஊர்ப்பெயரிலேயே குளம் வைத்திருப்பவர்கள் நாங்கள். மாரித் தண்ணீரைக் கடலுக்கு ஓடவிடாமல் நிறுத்தி நிலத்துக்குள் இறக்குவது அந்தக் குளங்களின் வேலை. எங்கள் ஒழுங்கை முடிவில் இருந்த குளத்தைக் கிறவல் கொட்டி மேவி, மதில் எழுப்பிவிட்டார்கள். மாரியில் நாலு வீட்டு அடுப்படிக்குள் வெள்ளம், சித்திரையில் அதே வீடுகளின் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

தாளையடியில் 2024இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நல்லது, குடிக்க உதவும். தோட்டத்துக்கு இறைக்க அந்தத் தண்ணீர் கட்டுப்படியாகுமா? இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கேட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். அவர்கள் வயலும் வாடத்தானே செய்யும்? யானையிறவு நீரேரியை நன்னீராக்கி வடமராட்சிப் பக்கம் கொண்டுவரும், பொறியியலாளர் ஆறுமுகத்தின் திட்டம் 1950களில் இருந்து பேச்சில் இருக்கிறது. அது நிறைவேறட்டும், நானும் கேட்பேன். அதுவரை குளத்தை மேவ அனுமதி கொடுப்பதை நிறுத்த என்ன தடை?

எங்கள் வளவில் கூரைத் தண்ணீரை ஒரு குழிக்குள் இறக்கியிருக்கிறோம். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஒழுங்கையில் மிஞ்சியிருக்கும் கேணிக்குப் போகும் வாய்க்காலைத் துப்புரவாக்கப் போகிறோம். ஐந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.